பல தெருப் பிள்ளைகள், ஒரே மேடை: வயலினா, பறையா?

1975-இல் வெனிசுவேலாவில் இசைக் கலைஞர் அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமா என்ற இசைப் பயிற்சித் திட்டம், ஏழைப் பிள்ளைகள் கையில் வயலினைக் கொடுத்தது. மதுரையில் பல தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் இசைக்குழு தொடங்கினால், அதே போல வயலினில் ஆரம்பிக்கலாம். ஆனால் ஒழுங்கான நாதம் வரவே ஒரு வருஷம் பிடிக்கும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) வழுக்கி, சுருதி இறங்கிவிடும்.

பறையில் வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சுண்டுக்குச்சி; அடிப்படை அடிகள் சில வாரத்திலேயே கைவரும். ஐப்பசி ஈரத்தில் தோல் தொய்ந்தால் தீயில் காய்ச்ச வேண்டும். அதிகம் காய்ந்தால் கிழிந்துவிடும். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட கருவி இது. பறைக் கலைஞரை ஆசானாக அமர்த்தி எல்லாத் தெருப் பிள்ளைகளும் கற்பதே பெரிய மாற்றம். அதனால் முதலில் பறைதான்.

பிறகு நாதஸ்வரமும் வயலினும் சேர்ந்தால், வயலினைத்தான் நாதஸ்வரத்தின் கட்டைக்கு (சுருதி அளவுக்கு) மாற்ற வேண்டும். வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றினாலும் நாதஸ்வரச் சுருதி கொஞ்சமே நகரும்.