இழுவை போன பென்லிக்கு எந்தக் காபரேட்டர்?

என்னிடம் இருப்பது பழைய ஹொண்டா சி.டி. 125 பென்லி. 124 சிசி, இரட்டைச் சிலிண்டர், இரண்டுக்கும் சேர்த்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் ஒரே காபரேட்டர். போன மாரி முழுக்கத் தாழ்வாரத்தில் நின்றது. தை பிறந்ததும் கிக் அடித்தேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் திருகோணமலைக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்கியது. ஓரத்தில் நின்ற மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

அன்று பின்னேரத்துக்குள் மூன்று தீர்ப்பு வந்துவிட்டது. "புதுக் காபரேட்டர் ஒன்று வாங்கிப் போடு" என்றான் நண்பன். "ஜப்பானில் கழற்றியது கிடைக்கும், அதுதான் சரி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணா. "உள்ளதைக் கழுவி கிட் போட்டால் போதும்" என்றது கராஜ். கிட் என்பது தேயும் சிறு சாமான்கள் புதிதாக வரும் பெட்டி. மூன்றையும் அலசத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் நானா கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும்.

"தம்பி, கழட்ட முதல் பைப்புல தண்ணி தெளிச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரை ஒவ்வொரு சைலன்சர் பைப்பிலும், எஞ்சினை ஒட்டிய இடத்தில் விட்டார். வலது பைப்பில் 'சுர்' என்று ஆவியாகிப் போனது. இடது பைப்பில் அதே சொட்டு அப்படியே வழிந்து கீழே இறங்கியது. அதாவது இடது சிலிண்டர் எரியவில்லை, வண்டி ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு சிலிண்டரும் ஒரே காபரேட்டரில்தான் குடிக்கின்றன. ஒன்று வயிறு நிறைந்து ஓடும்போது மற்றது பட்டினி என்றால், முதல் சந்தேகம் காபரேட்டர் மேல் போகக்கூடாது. பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து நனைந்திருந்தது. பிளக் தொப்பிக்குள் பச்சைக் கறல். கடல் காற்றின் வேலை. தொப்பியையும் பிளக்கையும் மாற்றியதும் இழுவையில் பாதி திரும்பி வந்தது. அந்தப் பாதிக்குத்தான் நான் காபரேட்டர் வாங்கப் போயிருப்பேன்.

மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. 'இழுக்கவில்லை' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. பெற்றோல் சரியாக வராதது ஒன்று, கரண்ட் சரியாக வராதது இன்னொன்று, உண்டான பலம் பின் சில்லுக்குப் போய்ச் சேராதது மூன்றாவது. மூன்றாவதைப் பிரித்தறிவது சுலபம். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. சத்தமே ஏறாமல் கனக்கிறது என்றால் வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும் வண்டிகளுக்குக் காபரேட்டர் கழுவிய கதைகள் ஊரில் நிறைய உண்டு.

பெற்றோலா கரண்டா என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி நடிக்கும். நிலாவெளிக்குப் போகும் வழியில் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு வண்டி நிற்கிறது என்று வையுங்கள். டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஓர் ஊசியோடு முடிகிற வேலை. மூடியைத் திறந்தும் ஆகவில்லை, அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாக ஆகிறது என்றால் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் கொயில் அல்லது கொண்டென்சர் சூட்டில் கைவிடுகிறது. இன்னொன்று: காபரேட்டர் கோளாறு பெரும்பாலும் 'ம்ம்ம்' என்று அமுங்கித் திணறும், கரண்ட் கோளாறு 'டக்' என்று வெட்டி வெட்டி வரும். இது காதுக்குப் பழக வேண்டிய விஷயம். எனக்கே இன்னும் நூற்றுக்கு நூறு பிடிபடவில்லை.

சோக் சோதனை இதைவிட நம்பகம். சூடான எஞ்சினில் ஓடும்போது சோக்கை, அதாவது காற்றைக் குறைத்துப் பெற்றோல் பங்கைக் கூட்டும் பிடியை, அரைவாசி இழுங்கள். இழுவை கூடினால் பெற்றோல் போதவில்லை: ஜெட் (பெற்றோல் போகும் நுண்துளைச் சாமான்) அடைப்பு, டாங்கி வடிகட்டியில் கறல், அல்லது காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்று கசிவு. இன்னும் மோசமானால் பெற்றோல் ஏற்கனவே அளவுக்கு மேல் போகிறது. எயார் பில்டரைப் பாருங்கள், கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை மறிக்கும் மிதவை ஊசியைப் பாருங்கள்.

அப்புறம் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி. அக்சிலேட்டர் கைப்பிடியிலும் அதன் அருகே அசையாத பகுதியிலும் கோடு போட்டு, கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் திணறுகிறது என்பதே எந்த உறுப்பு என்று சொல்லிவிடும். ஐட்லிங்கிலும் அதை ஒட்டியும் என்றால் பைலட் ஜெட், காற்று ஸ்க்ரூ. கால் முதல் முக்கால் வரை சிலைட்டில் (அக்சிலேட்டரைத் திருகத் திருக மேலே எழும் உருளை) தொங்கும் ஊசியும் அது இறங்கும் துளையும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். என் வண்டி காலுக்குக் கீழேதான் இருமியது. சாம்பல்தீவுப் பாலம் தாண்டி நேர் ரோட்டில் முழுக்கத் திருகினால் நன்றாகவே ஓடியது. ஆகவே மெயின் ஜெட்டில் குற்றமில்லை, பைலட் ஜெட்தான்.

காபரேட்டரின் அடியில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வந்ததை ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பெற்றோலுக்கு அடியில் தண்ணீர் குண்டு குண்டாகப் பாதரசம் மாதிரி உருண்டது. கிண்ணத்தின் சுவரில் வெள்ளைப் பூ, மூலையில் வார்னிஷ் மாதிரிப் பிசின். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூ.ஆர். கோட்டா வந்தபோது, கிடைத்ததைப் பிளாஸ்டிக் கானில் சேர்த்து வைத்த பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் விடவில்லை. சீனன்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நின்ற ஊர் இது. அந்தக் கான் பெற்றோல்தான் என் கிண்ணத்தில் பிசினாகியிருக்க வேண்டும்.

சரி, இனி அந்த மூன்று தீர்ப்புகள்.

உள்ளதைக் கழுவி கிட் போடுவதுதான் என் தெரிவு, காரணத்தோடு சொல்கிறேன். பழைய ஜப்பான் காபரேட்டரில் துளைகளின் அளவும் சிலைட்டின் வெட்டும் அந்த எஞ்சினுக்கென்றே போடப்பட்டவை. கெய்ஹின் ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் துளை 0.38 மில்லிமீற்றர். அந்த நூலிழைத் துளைக்குள் செப்புக் கம்பியை விட்டுக் குடைகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு தடவை பெரிதான துளை திரும்பச் சிறிதாகாது. நானா பாவித்தது மீன் பிடிக்கிற தங்கூசி (நைலோன் இழை), அதிலும் மெல்லியது. திருக்கடலூர்ப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓர் இரவு கிளீனரில் ஊறவிட்டு, தங்கூசியால் தட்டி, காற்று அடித்தார். ஜெட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. முதல் நாள் அது இருட்டாக இருந்தது.

சிலர் தேசிக்காய்ப் புளியில் காபரேட்டரைக் கொதிக்க வைக்கச் சொல்வார்கள். அழுக்குப் போகும்தான், கூடவே காபரேட்டரின் துத்தநாகக் கலவை உடலும் கரையும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கிட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் வரும் எல்லாவற்றையும் போட வேண்டும் என்றில்லை. ரப்பர் வளையம், காஸ்கெட், மிதவை ஊசி இவற்றைப் போடுங்கள். பித்தளை ஜெட்டுகள் பழையவை குடையப்படாமல் இருந்தால் அவற்றையே திரும்பப் பூட்டுங்கள். கிட் ஜெட்டில் எண் சரியாக இருக்கும், துளை அப்படியே இருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். கழற்றும்போது காற்று ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் எழுதிவையுங்கள். ஊசியின் கிளிப் மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில் இருந்தது என்பதையும். அந்த ஸ்க்ரூ எயார் பில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகத் திருகப் பெற்றோல் பங்கு கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர்.

கழுவியும் சரிவராத வண்டிகள் உண்டு. சிலைட்டை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'கடகட' என்று நன்றாக ஆடினால், அது ஓடும் குழாயும் தேய்ந்திருக்கிறது. அந்த இடைவெளியால் காற்றுப் போகும், ஐட்லிங் ஒருநாளும் ஒரு நிலையில் நிற்காது. அங்கே கிட்டுக்குக் கொட்டும் காசு வீண்.

அப்படியான வண்டிக்கு நண்பன் சொன்ன புதுக் காபரேட்டர், அதாவது சீனப் பிரதி, நியாயமான வழி. தினமும் வேலைக்கு, சந்தைக்கு என்று ஊருக்குள் ஓடும் வண்டியென்றால் நான் தடுக்கமாட்டேன். வாங்கிய அன்றே பூட்டலாம், அடுத்த நாள் வேலைக்குப் போகலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சரியாக ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் மச்சானின் வண்டிக்குப் போட்டோம். ஐட்லிங் தேன் மாதிரி, முக்காலுக்கு மேல் பிளக் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஹபரணை வரை, சுமார் 85 கிலோமீற்றர், வெயிலில் முழு வேகத்தில் போயிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். இரண்டு அளவு பெரிய மெயின் ஜெட் தேடிப் போட்ட பிறகுதான் பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. ஆகவே பிரதி வாங்குகிறவர் இரண்டு மூன்று ஜெட்டையும் சேர்த்து வாங்க வேண்டும், பிளக் பார்க்கத் தெரிந்த ஒருவரையும் கண்டுபிடித்து வைக்க வேண்டும். முழுத் திருகலில் கொஞ்சத் தூரம் ஓடி, அப்படியே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. ஐட்லிங்கில் நின்ற பிளக்கைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஜப்பானில் கழற்றியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்லதாக அகப்பட்டால் மூன்றிலும் அதுதான் மேல். ஆனால் அதுவும் எங்கோ பல வருடம் பெற்றோல் காய்ந்து கிடந்த சாமான்தான், எப்படியும் கழுவி கிட் போட வேண்டும். பிறகு அந்த வேலையை நம்முடையதற்கே செய்தால் என்ன? வாங்குவதானால் கடையிலேயே மூடியைக் கழற்றி சிலைட்டை ஆட்டிப் பாருங்கள். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

சுசுகி ஜி.என். 125 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சிலைட்டைக் கேபிள் தூக்குவதில்லை, ஒரு ரப்பர் சவ்வு தூக்குகிறது. ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங் நிற்கும், ஆனால் மேலே ஏறவே ஏறாது என்றால் சவ்வை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை ஒன்று போதும். அதற்காக முழுக் காபரேட்டரையும் மாற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இதை வாசிப்பார், அதனால் பெயர் வேண்டாம்.

பென்லி இப்போது கோயில் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகாமல் ஏறுகிறது. ஐப்பசி மழை தொடங்கினால் மறுபடி தாழ்வாரத்துக்குள்தான். இந்த முறை டாங்கியின் குழாயை மூடி, கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டுத்தான் நிறுத்தப்போகிறேன்.