ஸ்மார்ட் போர்டும் சாக்பீஸ் தூளும்: மூன்று கல்வியாண்டுகளுக்குப் பிறகு

வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு போடலாமா என்று கேட்ட நண்பருக்கான பதில் இது. 75 அங்குலம், 4கே, அகச்சிவப்புத் தொடுதிரை என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாதது சாக்பீஸ் தூள்.

இந்த வகைப் பலகையில் கண்ணாடிக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. சுற்றியுள்ள சட்டத்திலிருந்து குறுக்கும் நெடுக்குமாக அகச்சிவப்புக் கதிர்கள் ஓடுகின்றன. எது அவற்றை மறைத்தாலும் பலகைக்கு அது விரல்தான். பக்கத்திலேயே கரும்பலகை இருந்தால் தூள் முழுக்கக் கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் போய்ப் படியும். பிறகு பாடம் நடக்கும்போதே பக்கம் தானாக நகரும், கேட்காமலே கோடு விழும், பேனாவால் இழுக்கும் கோடு நடுவில் அறுந்துபோகும்.

சர்வீசுக்கு வருபவர் பார்த்த மாத்திரத்தில் தொடு சட்டத்தையே மாற்றச் சொல்வார். தலையாட்டிவிடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் பலகை தூங்குமே தவிர அணையாது. காய்ந்த, மென்மையான பெயிண்ட் பிரஷால் கீழ் இடுக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தள்ளிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். திரவத்தை நேராகத் தெளித்தால் இடுக்கில் இறங்கித் தூளைச் சேறாக்கிவிடும். ஒரு நிமிடம் கழித்து சுவிட்சைப் போட்டு, வரையும் செயலியில் மூலைக்கு மூலை சாய்கோடுகள் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எல்லாக் கோடும் ஒரே நேர்ப்பட்டையில் அறுந்தால் அந்த இடத்தில் கதிரை விடும் எல்இடியோ அதை வாங்கும் உணரியோ பழுதாகியிருக்கிறது. அப்போது சட்டத்தை மாற்றலாம். வெயில் ஜன்னல் வழியே விழும் வேளையில் மட்டும் கோளாறு வந்தால் திரைச்சீலை போதும்.

தூளைக் குறைக்க, கரும்பலகையை டஸ்டரால் தட்டாமல் ஈரத்துணியால் துடைக்கலாம். பத்து நாள் எல்லாரும் செய்வார்கள். பதினோராம் நாள் டஸ்டர் திரும்பி வந்துவிடும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். எழுதிய பக்கம் அழியாமல் இருப்பது இவ்வளவு பெரிய வசதி என்று வாங்கும்போது தெரியாது. (a+b)² = a²+b² என்று மாணவர் எழுதிய தப்பை அப்படியே சேமித்து, இரண்டு வாரம் கழித்துத் திறக்கலாம். ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் பக்க நீளம் a+b உள்ள சதுரத்தை நான்காகப் பிரித்து, b-யின் மதிப்பை இழுத்து மாற்ற ஒரு ஸ்லைடர் வையுங்கள். b பூஜ்யமாக இருக்கும்வரை அந்தத் தப்பு சரிதான்! ஸ்லைடரை இழுக்க இழுக்க இரண்டு ஓரச் செவ்வகங்களும் பிதுங்கி வரும். a=3, b=1 என்றால் 16-க்கும் 10-க்கும் நடுவே காணாமல் போன 6, அந்த இரண்டு செவ்வகங்களில் உட்கார்ந்திருக்கும். கரும்பலகையில் இதைக் காட்ட ஐந்து படம் வரைய வேண்டும்.

அதே பலகையில் வாசகம் நிறைந்த ஸ்லைடு போட்டால் காசு வீண். 75 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 93 செ.மீ. எட்டு மீட்டர் தள்ளியுள்ள கடைசி பெஞ்சுக்கு எழுத்து 4 செ.மீ. உயரமாவது வேண்டும். 7.5 அங்குல உயர ஸ்லைடில் தமிழ் எழுத்துக்கு அது சுமார் 44 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவு. அப்படியென்றால் ஒரு ஸ்லைடுக்கு ஏழு வரி. அதற்குமேல் வைத்தால் பின்பெஞ்சு கதை பேசும், அவர்கள்மேல் குற்றமில்லை.

‘இருபது விரல் தொடலாம்’ என்பதை நம்பி நான்கு பேரை ஒன்றாக எழுத விடாதீர்கள். ஒருவர் கை இன்னொருவரின் கதிரை மறைத்துக் கோடு இடம் மாறும். இரண்டு பேர், நடுவில் ஒரு முழம் இடைவெளி, அவ்வளவுதான். மற்றவர்கள் நோட்டில் போடட்டும். ஒருவர் தொட நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பதை டிஜிட்டல் கற்றல் என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

உள்ளிருக்கும் ஆண்ட்ராய்டு சீக்கிரம் பழசாகிவிடும், செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். வாங்கும்போதே ஓபிஎஸ் கணினியை (பலகைக்குள்ளேயே செருகும் சிறு கணினி) செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியை இணைப்பதானால் படத்துக்கான எச்டிஎம்ஐ கேபிளோடு தொடுதலுக்கான யூஎஸ்பி கேபிளும் வேண்டும். ஐந்து மீட்டரைத் தாண்டினால் சாதாரண யூஎஸ்பி மக்கர் பண்ணும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேற்றுத் துடைத்த பலகையில் இன்று காலை மறுபடி தானாகக் கோடு விழுந்தது. எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கூடவே அரை அங்குல பிரஷ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.