ஏழு வருடத் தொலைநோக்கியும் கவிழ்த்து வைத்த உரலும்

2018 ஆவணியில் கனடாவிலிருந்து வந்த அத்தான் இறக்கிய பெட்டிக்குள் சொக்லேற் இருக்கும் என்று பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். இருந்தது ஒரு தொலைநோக்கி. அவருடைய மகன் இரண்டு தரம் பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டானாம். "ரொறன்ரோவில ராத்திரி வானமே செம்மஞ்சள். அங்க இதுக்கு வேலையில்லை, நீ வைச்சுப் பார்" என்று தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. "எனக்கும் ஒண்டு எடுப்பிக்கலாமோ?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கதைத்து வாய் நொந்துவிட்டபடியால் எழுதியே விடுகிறேன்.

சாமான் இதுதான். 130 மில்லிமீற்றர் அகலக் கண்ணாடி, 650 மில்லிமீற்றர் குவியத்தூரம், நியூட்டன் வகை. முன்னால் வில்லை கிடையாது. குழாயின் அடியில் ஒரு குழிவாடி, வாய்ப்பக்கம் சாய்வாக ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடி, பக்கத்தில் கண்வில்லை. கூட வந்த கண்வில்லைகள் 25, 10 மில்லிமீற்றர். 650ஐ அந்த எண்ணால் வகுத்தால் பெருக்கம் வரும்: 26 மடங்கு, 65 மடங்கு. வீட்டுக்கு வருகிற ஆட்கள் ஒருவரும் இதைக் கேட்பதில்லை. "இது எத்தனை கிலோமீற்றர் அடிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற அந்திரோமேடா விண்மீன் கூட்டம்வரை அடிக்கும் என்றால் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. நல்ல இருட்டில் எங்கள் கண்மணி விரிவது கிட்டத்தட்ட 7 மில்லிமீற்றர். 130 மில்லிமீற்றர் கண்ணாடி அதைப் போல 340 மடங்கு ஒளியை அள்ளும். பெருக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கண்ணாடியின் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று கால் இல்லாத மேசைத் தாங்கி என்றபடியால் முதல் பிரச்சினை மேசை. பிளாஸ்ரிக் மேசையில் வைத்தால் மூச்சு விட்டாலே சனி துள்ளும். கதிரை, சீமெந்துக் கல், கிணற்றுக்கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அம்மாவின் மர உரலைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். அசையவே இல்லை. அம்மா மூன்று நாள் கதைக்கவில்லை.

அந்த ஆவணி ஒரு அதிர்ஷ்ட மாதம். பொழுது பட்ட பிறகு மேற்கே வெள்ளி, பிறகு வியாழன், தெற்கே உச்சிக்குக் கொஞ்சம் கீழே சனி, கிழக்கே செவ்வாய் என்று நான்கும் ஒரே வானத்தில் வரிசையாக நின்றன. செவ்வாய் பூமிக்குக் கிட்ட வந்திருந்த வருடம், பழுத்த மிளகாய் நிறத்தில் எரிந்தது. ஆனால் தொலைநோக்கியில் பார்த்தால் வெறும் செம்மஞ்சள் வட்டம். சாமான்தான் பழுது என்று நினைத்தேன். அந்த வருடம் செவ்வாய் முழுவதையும் தூசிப் புயல் மூடியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. 2020 ஐப்பசியில் மேகம் விலகின இரண்டு இரவில் அதே கண்ணாடி கரும் பட்டைகளைக் காட்டியது.

சனி வேறு கதை. பாசிப்பயறு அளவில்தான் தெரிந்தது, ஆனால் வளையம் வளையமாகவே தெரிந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அம்மம்மாவையும் கூப்பிட்டேன். "சனியனைப் போய் ஆரும் கண் வைச்சுப் பாப்பினமோ? பேசாமல் கொண்டுபோய் உள்ளுக்கை வை" என்றா. ஏழரைச் சனியில் அரைவாசி வாழ்க்கையைக் கழித்த ஆள், நான் என்ன சொல்ல?

அம்மாவின் கதை இன்னொன்று. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை, குப்பி விளக்குத்தான். இவ்வளவு நல்ல இருட்டுக்குக் கீழே வளர்ந்த எங்களுக்கு வானம் பார்ப்பது என்றால் கிபிர் குண்டுவீச்சு விமானம் வருகுதா, வண்டு என்கிற ஆளில்லா வேவு விமானம் சுற்றுகுதா என்று பார்ப்பதுதான். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலால் போனபோது, சத்தமில்லாமல் ஊர்ந்த அந்த வெளிச்சப் பொட்டைப் பார்த்து அம்மா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அது வண்டோ?" 400 கிலோமீற்றர் உயரத்தில் ஆட்கள் இருக்கிற வீடு, ஒன்றரை மணித்தியாலத்தில் உலகத்தைச் சுற்றி வரும் என்று சொன்னேன். வாசலுக்குள் நின்றுதான் பார்த்தா. முற்றத்துக்கு வரவில்லை.

இனி ஏழு வருடத்தில் கற்றது.

எங்கள் இடத்துக்கு ஒரு சலுகை உண்டு. வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்குக் கொஞ்சம் மேலே கிடக்கிறது. துருவ நட்சத்திரம் வடக்கே அந்த 9 பாகை உயரத்தில்தான் நிற்கும், எங்கள் வளவில் அது பனைக்குப் பின்னால். ஆனால் தெற்குப் பக்கம் ஐரோப்பாக்காரன் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாத சாமான்கள். வைகாசியில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் தெற்கே தண்ணீர்தான், மரம் மறைக்காது. தென்சிலுவை மண்டலம் நிமிர்ந்து நிற்கும், பக்கத்தில் அல்பா சென்ரோறி என்கிற நட்சத்திரம். அதற்கு மேலே ஒமேகா சென்ரோறி என்கிற கோளக் கொத்து, நட்சத்திரங்கள் உருண்டையாக நெருங்கிக் கிடக்கிற கூட்டம். வெறும் கண்ணுக்கு மங்கின நட்சத்திரம் போல இருப்பது, 65 மடங்கில் கறுப்புச் சீலையில் அரிசிமா தூவியது மாதிரி விரியும். ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரம், 17,000 ஒளியாண்டுத் தூரம். இந்தச் சாமான் காட்டினவற்றில் எனக்கு முதலிடம் அதற்குத்தான், சனிக்கு இல்லை.

அல்பா சென்ரோறியை நான் முதலில் பார்த்தது 2019 சித்திரையில். அது ஒன்றல்ல, ஒன்றையொன்று 80 வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகிற இரண்டு நட்சத்திரம். எங்களிடமிருந்து பார்க்க 2016 வாக்கில் மிகவும் ஒட்டி நின்றவை, பிறகு விலகத் தொடங்கின. அன்று காற்று அமர்ந்த நொடியில் மட்டும் இரண்டாகப் பிரிந்தன. 2025இல் 65 மடங்கில் வைத்த உடனே நடுவில் கறுப்பு இடைவெளி தெரிந்தது. நட்சத்திரம் நகர்வதை என் முற்றத்திலிருந்தே கண்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். "கண்டிட்டு வந்து சாப்பிடுங்கோ" என்றா.

அருந்ததி பார்க்கிறது எல்லாருக்கும் தெரியும். பகலில் ஐயர் காட்ட, தெரிகிறது என்று தலையாட்டினவர்கள்தான் நாங்கள். பங்குனி, சித்திரை இரவுகளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் ஏறும்போது வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததியை வெறும் கண்ணால் காணலாம். தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டு பேர். ஊரில் புதிதாகக் கல்யாணம் கட்டின ஒரு சோடியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது.

சந்திரனில் கொடி தெரியுமா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பார்கள். தெரியாது. இந்த அகலக் கண்ணாடிக்குச் சந்திரனில் ஒன்றரை கிலோமீற்றருக்குச் சின்னது எதுவும் பிரிந்து தெரியாது. 1969 ஆடியில் ஆட்கள் இறங்கின அமைதிக்கடலைக் காட்டலாம், அவ்வளவுதான். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களை மகன் ஒரு கொப்பியில் 40 இரவு புள்ளி புள்ளியாகக் கீறினான். கலிலியோ 1610 தையில் செய்த அதே வேலை. உள்ளே இருக்கிற ஐயோ 42 மணித்தியாலத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், இரவு 8 மணிக்கும் 11 மணிக்கும் பார்த்தாலே இடம் மாறியிருக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் இல்லை.

விண்மீன் கூட்டங்களைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்திரோமேடா எங்கள் ஊரில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். தொலைநோக்கியில் வைத்தால் நீலமும் ஊதாவும் சுருளும் வராது. கண்ணாடியில் மூச்சு விட்ட இடம் மாதிரி ஒரு சாம்பல் நிறம், நடுவில் கொஞ்சம் தடிப்பு. அது வானத்தில் ஆறு சந்திரனை வரிசையாக வைத்த நீளம், என் 26 மடங்கு வட்டத்துக்குள் நான்கு சந்திரன்கூட அடங்காது. நேரே பார்த்தால் இன்னும் மங்கும். கண்ணின் நடுப்பகுதி நிறத்துக்கானது, மங்கல் ஒளியைப் பிடிப்பது அதன் ஓரம். ஆகவே சாமானைப் பார்க்காமல் பக்கத்தைப் பார்க்க வேண்டும், புதுப் பெண்ணைப் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி. அதற்கு முதல் அரை மணித்தியாலம் இருட்டில் இருக்க வேண்டும், நடுவில் ஒருத்தன் கைத்தொலைபேசியைத் திறந்தால் திரும்ப முதலிலிருந்து. நான் சைக்கிள் பின் லைற்றின் சிவப்புக் கண்ணாடியை ரோச்சில் ஒட்டி வைத்திருக்கிறேன், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவு கெடுக்காது.

பராமரிப்புத்தான் ஒருவரும் எழுதாத பகுதி. சோளகம் அடிக்கிற மாதங்களில் வானம் சுத்தம், ஆனால் காற்று குழாயை ஆட்டும், மண்ணையும் அள்ளிப் போடும். நடுச்சாமத்துக்குப் பிறகுதான் அடங்கும். மாரியில் மூன்று மாதம் பெட்டிக்குள்தான். முதல் மாரியில் 10 மில்லிமீற்றர் கண்வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இப்போது கண்வில்லைகள் இறுக்கமான மூடியுள்ள ஒரு பேணிக்குள், வறுத்த அரிசிப் பொட்டலத்தோடு. 2021இல் ஒருநாள் எவ்வளவு திருகியும் வியாழன் தெளியவில்லை. கழற்றிப் பார்த்தால் கண்வில்லைக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, கூட்டுக்குள் மயங்கின சிலந்திகள் வேறு. அன்றிலிருந்து எல்லா ஓட்டைக்கும் மூடி.

குழிவாடியை நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரே தரம் கழுவினேன். பற்றரிக்கு விடுகிற சுத்தத் தண்ணீர், ஒரு துளி பாத்திரச் சோப்பு, பஞ்சு. அழுத்தித் துடைக்கவே கூடாது, மேலே அலுமினியப் பூச்சு. அப்புறம் கண்ணாடிகளை நேர்ப்படுத்த வேண்டும். பழைய பிலிம் சுருள் பேணியில் நடுவில் ஓட்டை போட்டுக் கண்வில்லை இடத்தில் வைத்துப் பார்த்து, அடியில் இருக்கிற மூன்று திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது. நான் மோட்டார்சைக்கிள் திருத்துகிறவன், சில்லுக்குக் கம்பி இழுத்து நெளிவு எடுக்கிற அதே பொறுமை. பயப்படுகிறவர்கள் பத்து நிமிட வேலைக்குச் சாமானையே விற்றுவிடுகிறார்கள்.

ஒரு பிழையும் விட்டேன். 160 மடங்கு என்று ஆசைப்பட்டு ஒரு கடையில் 4 மில்லிமீற்றர் கண்வில்லை எடுப்பித்தேன். பிளாஸ்ரிக். சனி நெய்யில் விழுந்தது போலத் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டி திறந்தாயிற்றாம். பிறகு வாங்கின இரண்டு மடங்காக்கும் வில்லை போதும், 130 மடங்கில் சனியின் வளையத்துக்குள் இருக்கிற கறுப்புக் கோட்டைக் காட்டிவிட்டது.

2019 மார்கழி 26, சூரியன் மோதிரம் போலத் தெரிகிற கங்கண சூரிய கிரகணம் எங்கள் தலைக்கு மேலால் போனது. தொலைநோக்கியை அன்று சாக்கால் மூடிக் கட்டிவிட்டேன். அதனூடாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணைக் கொள்ளி வைத்துச் சுடுவது. அம்மாவின் இடியப்பத் தட்டை வெயிலில் பிடித்தேன், முற்றத்து மண்ணில் நூறு மோதிரம் விழுந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "2010இல முகாமில தறப்பாள் ஓட்டைக்குள்ளாலயும் இப்பிடித்தான் விழுந்தது" என்றா. சரிதான். 2010 தை 15, செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம். தறப்பாள் கூடாரத்தின் ஓட்டைகளுக்குள்ளால் பாயில் மோதிரம் மோதிரமாக விழுந்ததை நானும் கண்டிருக்கிறேன். என்னவென்று சொல்ல ஆள் இருக்கவில்லை.

தவறவிட்டதும் உண்டு. 2020 மார்கழி 21இல் வியாழனும் சனியும் ஒரே கண்வில்லைக்குள் நின்றன. எங்களுக்கு மழை. அடுத்த சந்திப்பு 2040. மாறாக 2022 பங்குனியில் நாடெல்லாம் பல மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது, சந்தி லைற்றும் அணைந்து, பால்வீதி விடியப்புறம் முற்றத்து மாமரத்துக்கு மேலே வந்து நின்றது. பெற்றோல் இல்லை, இரணைமடுவுக்குப் போக வழியில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை.

சனியின் வளையம் 2018இல் அகலத் திறந்திருந்தது. மகனின் கொப்பியில் வருடம் வருடமாக அது ஒடுங்குவதைக் காணலாம். சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருடம், அதில் இரண்டு தரம் வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டும். வளையம் ஏறத்தாழ 2,80,000 கிலோமீற்றர் அகலம், தடிப்போ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீற்றர்தான். விளிம்பால் பார்த்தால் என்ன தெரியும்? 2025 பங்குனியில் அது நடந்தபோது சனி சூரியனுக்குப் பக்கத்தில், பார்க்க முடியவில்லை. புரட்டாதியில் பார்த்தபோது உருண்டையின் நடுவால் ஒரு ஊசி குத்தினது மாதிரி இருந்தது.

முதல் புரட்டாதிச் சனி அன்று, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்த அம்மம்மா நேரே உரலடிக்கு வந்தா. "வளையம் கழண்டு போச்சுதெண்டு பெடியன் சொன்னான். இனிப் பாத்தால் பிழையில்லைத்தானே?" குனிந்து, கண்புரை வெட்டின கண்ணை வைத்து, கனநேரம் பார்த்தா.

"இவ்வளவுதானோ?" என்றா.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கண்வில்லைகள் பேணிக்குள், குழாய் பெட்டிக்குள். உரலை அம்மா கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டா, பொங்கல் முடியும்வரை கேட்கக்கூடாதாம்.