தராசுக்கும் பில் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு கேபிள்: எட்டு மாத உபயோகத்துக்குப் பிறகு

அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் பால்கோவா கடை. கல்லாவில் ஒரு பில் கம்ப்யூட்டர், பக்கத்தில் 10 கிலோ எலெக்ட்ரானிக் தராசு. தட்டில் வைக்கும் எடை நேராக பில்லில் ஏற வேண்டும் என்பதில் அக்கா கறார். கையால் 250 என்று அடித்தால், 245 கிராம் வைத்துவிட்டு 250க்குக் காசு வாங்கினார்கள் என்று என்றாவது ஒருவர் சொல்லிவிடுவார்.

தராசின் முதுகில் இருப்பது பழைய ஒன்பது முள் சீரியல் போர்ட். புதுக் கம்ப்யூட்டரில் அது கிடையாது, யுஎஸ்பி மட்டும்தான். முத்திரை வைத்த தராசு, நல்ல நிலையில் இருக்கிறது, அதை மாற்ற மனம் வரவில்லை. ஆகவே நடுவில் ஒரு யுஎஸ்பி–சீரியல் கேபிள். இதுவரை மூன்று வாங்கிவிட்டேன். இந்த மதிப்புரை மூன்றாவதைப் பற்றியது: எஃப்டி 232ஆர் சிப் வைத்த கேபிள், 1.8 மீட்டர், நான் கொடுத்தது 1,250 ரூபாய். முதல் இரண்டின் கதையைச் சொன்னால்தான் ஒரு கேபிளுக்கு இவ்வளவு ஏன் கொடுத்தேன் என்பது விளங்கும்.

முதல் கேபிள் 280 ரூபாய், பெட்டியில் பெயர்கூட இல்லை. கடையின் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை மாற்றிய அன்றே, மாட்டியிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10, அதாவது கருவி இயங்கவில்லை. உள்ளே இருந்தது வேறொரு சிப்பின் நகல் என்பது பிறகுதான் தெரிந்தது. அசல் சிப்பின் எண்ணைத் தன் எண்ணாகச் சொல்லிக்கொண்டு அசலுக்கான டிரைவரை, அதாவது விண்டோஸ் அந்தச் சிப்போடு பேச உதவும் சாப்ட்வேரை, வாங்கி ஓட்டியிருக்கிறது. புது டிரைவர் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டாவது, சிஎச் 340ஜி சிப் வைத்தது, 350 ரூபாய். இதை நான் குறை சொல்லவே மாட்டேன். இன்றும் என் மேஜையில் தினமும் உழைக்கிறது. விண்டோஸ் 10ல் செருகியதும் டிரைவர் தானாக இறங்கியது, தராசு எடை பில்லில் ஏறியது, அக்கா சந்தோஷமாக ஒரு டப்பா பால்கோவா கொடுத்தனுப்பினார்.

அப்புறம் ஆடிப்பூரம் வந்தது. தேரன்று காலை ஆறு மணிக்கெல்லாம் கடை வாசலில் கூட்டம். ஏழு மணிக்கு அக்காவின் போன்: "தம்பி, தராசு எழுத மாட்டேங்குது. தட்டுல காட்டுது, பில்லுல வரல." ரத வீதிக் கூட்டத்தை நீந்திக் கடந்து கடைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கையால் அடித்தே பில் போட்டிருந்தார்கள். பார்த்தால் கேபிளுக்கு ஒன்றும் இல்லை. கல்லாவைத் துடைத்த பையன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து யுஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறான். சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் பெயர் காம், கூடவே ஒரு எண். காம் 3 ஆக இருந்தது காம் 5 ஆகிவிட்டது. பில் சாப்ட்வேர் காம் 3ல் காத்துக்கொண்டே இருந்தது.

ஓட்டை மாறினால் எண் ஏன் மாற வேண்டும்? அன்று இரவு உட்கார்ந்து இதைத்தான் படித்தேன். கேபிளைச் செருகியதும் அதன் தலைக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒரு டேட்டா கம்பியின் வோல்டேஜை மேலே இழுக்கிறது. ஏதோ வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவது அப்படித்தான். உடனே வந்ததை ரீசெட் செய்துவிட்டு, நீ யார் என்று கேட்கிறது. பதிலாக வருவது 18 பைட். அதில் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் உண்டு. சிஎச் 340 என்றால் 1ஏ86, 7523. எஃப்டி 232ஆர் என்றால் 0403, 6001. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் விண்டோஸ் தன்னிடம் உள்ள ஐஎன்எஃப் கோப்புகளில் (எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்ற குறிப்புகள்) பொருத்தமான டிரைவரைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் விண்டோஸ் அப்டேட்டில் கேட்கிறது. உங்கள் கேபிளில் என்ன சிப் என்று தெரியாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அதன்மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி என்று போங்கள். இரண்டு எண்ணும் அங்கே இருக்கும்.

அந்த 18 பைட்டில் இன்னொரு பைட்டும் உண்டு. இந்தக் குறிப்பிட்ட கேபிளுக்கென்று தனி வரிசை எண் இருக்கிறதா என்று சொல்வது அது. சிஎச் 340ஜி அந்த இடத்தில் பூஜ்யம் அனுப்புகிறது. வரிசை எண் இல்லாததால் விண்டோஸ் அதை எந்த ஓட்டையில் இருக்கிறது என்பதை வைத்தே அடையாளம் பிடிக்கிறது. ஓட்டை மாறினால் அதற்கு அது புதுக் கேபிள், புது காம் எண். எஃப்டி 232ஆர் அப்படி இல்லை. சிப்புக்குள்ளேயே எட்டு எழுத்தில் ஒரு வரிசை எண் எழுதி வருகிறது. எந்த ஓட்டையில் செருகினாலும் அதே கேபிள், அதே காம் எண்.

1,250 ரூபாய் கொடுத்தது இந்த ஒரு பைட்டுக்காகத்தான்.

வாங்கி வந்ததும் முதல் வேலையாக, அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த ஆறு யுஎஸ்பி ஓட்டையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி சீரியல் போர்ட், காம் 6, காம் 6, காம் 6. பிறகு போர்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு போய் காம் 3 ஆக மாற்றினேன். எட்டு மாதமாக அது காம் 3தான். பொங்கலுக்கு முன் கடையை வெள்ளையடித்தபோது எல்லாக் கம்பியையும் கழற்றி, அக்காவே திரும்ப மாட்டினார். எனக்கு போன் வரவில்லை.

கேபிளின் தலை நீல நிறக் கண்ணாடி பிளாஸ்டிக். உள்ளே இரண்டு சின்ன விளக்கு. தராசிலிருந்து எடை வரும்போது பச்சை மினுக்குகிறது. இது அழகுக்கு என்று நினைத்தேன், ஆனால் நல்ல உபயோகம். பில்லில் எடை வராமல் போய், பச்சை மினுக்கினால் கோளாறு சாப்ட்வேர் பக்கம், மினுக்காவிட்டால் தராசுப் பக்கம். போனிலேயே அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பிடிக்காதவையும் உண்டு. கம்பி தடிமனாக, விறைப்பாக இருக்கிறது. சின்ன மேஜையில் வளைத்து வைக்க இடம் வேண்டும். கேபிள் தலையிலும் நட்டு, தராசு போர்ட்டிலும் நட்டு. குறடு வைத்து ஒரு பக்கத்து நட்டைக் கழற்றினால்தான் முழுதாக உள்ளே போகிறது. பெட்டிக்குள் டிரைவர் என்று ஒரு குட்டி சிடி வைத்திருக்கிறார்கள். சிடி டிரைவ் இருக்கும் கம்ப்யூட்டர் இப்போது எங்கே இருக்கிறது? நெட் இருந்தால் டிரைவர் தானே வரும், அந்த சிடி தேவையே இல்லை.

இன்னொரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நடந்தால் வைரஸ் என்று பயந்துவிடுவீர்கள். ஒரு நாள் காலை கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மவுஸ் அம்பு திரை முழுக்கப் பாய்ந்தது, தானாகக் கிளிக் செய்தது. அக்கா பதறிப்போய் மெயினையே அணைத்துவிட்டார். தப்பு என்னுடையது. தராசை நான் எடையை விடாமல் அனுப்பும் முறையில் வைத்திருந்தேன். அந்தக் காலத்து சீரியல் மவுஸ், எம் என்ற எழுத்தை அனுப்பித்தான் தன்னை அறிவிக்கும். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் இன்னமும் சீரியல் போர்ட்டில் கேட்டுப் பார்க்கிறது. அந்த நேரத்தில் தராசு கொட்டிய எழுத்துகளை மவுஸின் பதில் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் சீரியல் பால்பாயிண்ட் என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதை அழிக்காதீர்கள், அடுத்த தடவை திரும்ப வரும். டிசேபிள் செய்யுங்கள். கூடவே இந்தக் கேபிளின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் சீரியல் எனுமரேட்டர் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் வரவில்லை.

என்னதான் நல்ல கேபிள் வாங்கினாலும் கம்ப்யூட்டர் அடையாளம் காண்பது கேபிளுக்குள் இருக்கும் சிப்பை மட்டும்தான். அதற்கு அந்தப் பக்கம் தராசு இருக்கிறதா, மவுஸா, வேறு ஏதாவதா என்பது அதற்குத் தெரியாது. விண்டோஸுக்குப் பதில் சிலர் போடும் உபுண்டு 22.04ல் சிஎச் 340 கேபிள் செருகியவர்கள் பலருக்குப் போர்ட்டே காணாமல் போனதும் இதனால்தான். பார்வையற்றோருக்கான ஒரு பிரெயில் கருவிக்கும் அதே 1ஏ86, 7523 எண். பிரெயில் சாப்ட்வேர் இது நம்முடைய கருவி என்று போர்ட்டைப் பிடித்துக்கொண்டது. ஆகவே தராசு எடையை அனுப்பும் வேகத்தையும் பில் சாப்ட்வேருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். எங்களுடையது விநாடிக்கு 9600 பிட். தப்பாக வைத்தால் எடைக்குப் பதில் கண்டபடி எழுத்து வரும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எஃப்டி 232ஆர் சிப்புக்கும் நகல் நிறைய. 2014ல் அதைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட ஒரு டிரைவர், நகல் சிப்புகளின் பொருள் எண்ணையே பூஜ்யமாக மாற்றிவிட்டது. விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்ததால், தெரியாமல் நகல் வாங்கியவர்களின் கருவிகளும் செத்தன. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். 300 ரூபாய்க்கு எஃப்டி 232ஆர் என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கு சிஎச் 340 என்று நேர்மையாக எழுதியிருப்பதையே வாங்கலாம்.

வீட்டில், மேஜையில், ஒருவரே கையாளும் இடத்தில் சிஎச் 340 தாராளமாகப் போதும். அதை ஒரே ஓட்டையில் வைத்திருங்கள், அவ்வளவுதான். நாலு பேர் புழங்கும் கல்லா என்றால் வரிசை எண் உள்ள இந்தக் கேபிள். இப்போது அக்கா வத்திராயிருப்பில் இரண்டாவது கடை போடப் போகிறார். அதற்கும் இதே கேபிள் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.