ஹம்ஃப்ரி பார்வைப் புலக் கருவி: ஐந்தாண்டு அனுபவம்

கண் நீர் அழுத்த நோய்க்காக (குளுக்கோமா) ஐந்து ஆண்டுகளாகச் சொட்டு மருந்து விட்டுவரும் நான், ஆண்டுக்கு இருமுறை இந்தக் கருவியின் முன் அமர்கிறேன். நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பதற்காக மருத்துவமனையில் செய்யும் ‘ஃபீல்டு டெஸ்ட்’ என்பது பெரும்பாலும் இதில் செய்வதுதான்.

மோவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, வெள்ளைக் கிண்ணத்தின் நடுவிலுள்ள மஞ்சள் விளக்கை மட்டும் பார்த்தபடி, சுற்றிலும் 0.2 நொடி மின்னி மறையும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ‘24-2’ எனப்படும் வழக்கமான சோதனை வகையில் 54 இடங்கள் அளக்கப்படுகின்றன. நாம் அழுத்தினால் அந்த இடத்தில் அடுத்த ஒளியை மங்கலாக்கியும், அழுத்தாவிட்டால் கூட்டியும், நம் கண்ணுக்கு எட்டும் மிக மங்கிய ஒளியைக் கருவி தேடுகிறது. ஆகவே குறையே இல்லாத கண்ணுக்கும் பல புள்ளிகள் தெரியாமல்தான் போகும்.

முதன்முதலில் சோதனை செய்த மருத்துவமனையில் இதை எவரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டதோ என்ற பதற்றத்தில் தெரியாத ஒளிக்கெல்லாம் பொத்தானை அழுத்தினேன்; நம்பத்தகாத முடிவு என்று அறிக்கை வந்தது, மீண்டும் பணம் கட்டினேன். பின்னர் சென்ற இடத்தில் தொழில்நுட்பர் இரண்டே நிமிடம் விளக்கினார். களைப்பாக இருந்தால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சோதனையை நிறுத்திவைக்கலாம் என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஏமாற்ற முடியாதபடி கருவியை அமைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் இயல்பாகவே உள்ள குருட்டுப் புள்ளியில் அவ்வப்போது ஓர் ஒளியைக் காட்டும். அது நமக்குத் தெரிந்துவிட்டால் கண் நடுவிளக்கைவிட்டு அலைந்திருக்கிறது என்று பொருள். சுவீடன் ஆய்வாளர்கள் 1990களில் உருவாக்கிய ‘சீட்டா’ கணிப்புமுறை சோதனை நேரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அப்படியும் இரண்டாவது கண்ணுக்கு வரும்போது எனக்குக் கழுத்து வலிக்கிறது, கவனமும் தளர்கிறது.

ஒரே அறிக்கையைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கண் அழுத்தம் மிகுந்த 1,636 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வில், நம்பத்தக்க சோதனைகளில் தெரிந்த குறைகளில் ஏறக்குறைய 86 விழுக்காடு மறுசோதனையில் உறுதிப்படவில்லை. மறுபுறம், பார்வை நரம்பின் இழைகள் கணிசமாக அழிந்த பின்னரே குறை இதில் தெரியக்கூடும் என்பதால், அந்த இழைகளின் தடிமனை ஒளியால் படமெடுத்து அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

என் அறிக்கைகளிலும் பார்வைக் குறையைக் காட்டும் சில கறுப்புக் கட்டங்கள் ஒருமுறை தோன்றி மறுமுறை காணாமற்போயின. வலக்கண்ணில் மூக்குப்புறத்து மேற்பகுதியில் இருந்தது மட்டும் தொடர்ந்து மூன்று சோதனைகளில் இடம் மாறவில்லை; அதைப் பார்த்துத்தான் மருத்துவர் இரண்டாவது சொட்டு மருந்தைச் சேர்த்தார்.