பழைய கேஸ்கெட்டா, புதியதா: பைக்குக்கு வேறு சைலன்சர் மாட்டும்போது

வெளிச்சந்தையில் பைக்குக்குச் சைலன்சர் வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்குவதில்லை. ஆனால் என்ஜின் ஹெட்டுக்கும், அதிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் வளைந்த பெண்ட் பைப்புக்கும் நடுவில் உட்கார்ந்து கசிவைத் தடுக்கும் வளையமான கேஸ்கெட் என்று வந்தால் மட்டும் "பழசே போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். பெங்களூரில் இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. வாரம் முழுவதும் அலுவலகம் போகிறவர்களுக்கு வண்டி வேலைக்குக் கிடைக்கும் நாள் ஞாயிறுதான், ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் பெரும்பாலும் அன்றைக்கு அடைத்திருக்கும். பைப்பைக் கழற்றிப் போட்ட பிறகு கேஸ்கெட்டின் நினைவு வந்தால், கையில் இருப்பது பழையது ஒன்றுதான். பழையதை அப்படியே போடுவதா, பேஸ்ட் தடவிப் போடுவதா, சூடேற்றித் திருத்திப் போடுவதா, அல்லது கடை திறக்கும் வரை காத்திருந்து புதியது வாங்குவதா என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் எந்த இணைப்பைத் திறக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் வகையில் ஹெட் பக்கத்து கேஸ்கெட்டைத் தொடவே தேவையில்லை. பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் கிராஃபைட் புஷ் என்ற வளையம் மட்டும்தான் அசையும். பெண்ட் பைப்போடு சேர்த்து மாற்றும் முழு செட்டில்தான் ஹெட் பக்கத்து இணைப்பு திறக்கப்படுகிறது. இந்த அலசலின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

அந்த இணைப்பிலிருந்து வெளியே வந்த வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அது தன் கதையைத் தானே சொல்லும். பைப்பின் விளிம்பு அழுத்திய பக்கத்தில் பளபளப்பான ஒரு பள்ளம் வட்டமாக ஓடும். ஆனால் அந்தப் பள்ளம் சுற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்காது. பைப்பைப் பிடிக்கும் நட்டுகள் ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் இருக்கும் இரு பக்கங்களில் ஆழமாகவும், இடைப்பட்ட இடங்களில் மேலோட்டமாகவும் இருக்கும். மேலோட்டமான இடங்களில் கரி, பளபளப்பைக் குறுக்கே கடந்து வெளிவிளிம்பு வரை கோடு கோடாக வந்திருந்தால், மாட்டியிருந்த காலத்திலேயே அங்கே கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலான வண்டிகளில் இந்த வளையம், மெல்லிய செம்பு அல்லது எஃகுத் தகட்டை மடித்து, உள்ளே மிருதுவான பொருளை அடைத்துச் செய்யப்பட்டது. நட்டை இறுக்கும்போது நசுங்கி, இரு பக்கத்து மேடுபள்ளங்களையும் நிரப்புவதுதான் அதன் வேலை. அந்த நசுக்கம் ஒரு முறைதான் முழுமையாக நடக்கும்.

பழைய வளையத்தைப் போடலாமா என்ற கேள்விக்கு என்னுடைய விடை இங்கிருந்துதான் வருகிறது. கழற்றிய அதே கம்பெனி பைப்பை, அதே வளையத்தோடு, அதே திசையில் திருப்பி மாட்டினால், பள்ளமும் விளிம்பும் ஏறக்குறைய பொருந்துவதற்கு வாய்ப்பிருக்கிறது. வால்வு வேலைக்காகக் கழற்றி உடனே மாட்டுகிறவர்கள் பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். வேறு கம்பெனி பைப் என்றால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. புதிய பைப்பின் விளிம்பு விட்டம், தடிமன், வெல்டிங் முடிப்பு எல்லாமே வேறு. பழைய பைப்புக்காகப் பதிந்த அச்சின் மேல் வேறொரு விளிம்பு உட்காரும்போது, அது பள்ளத்தின் ஒரு கரையில் ஏறி நிற்கும், மறுகரையில் தொங்கும்.

இதைவிட மோசமான இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. நசுங்கிய வளையம் தடிமன் குறைந்தது. பைப்பை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் தகடான ஃபிளாஞ்சோ, வெளிச்சந்தைப் பைப்பில் கம்பெனி ஃபிளாஞ்சின் அளவிலேயே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இரண்டும் சேர்ந்தால், வளையம் முழுதாக அழுந்துவதற்கு முன்பே ஃபிளாஞ்ச் ஹெட்டில் முட்டி நின்றுவிடக்கூடும். ஸ்பேனரில் இறுக்கம் வந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் அந்த இறுக்கம் வளையத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. சத்தம் நிற்கவில்லை என்று மேலும் இறுக்கினால் அலுமினிய ஹெட்டில் மரை போகும் அல்லது ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டைத் துளைத்து எடுக்கும் கூலியில் கேஸ்கெட்டுகளை டஜன் கணக்கில் வாங்கிவிடலாம். தடிமனை ஈடுகட்ட இரண்டு பழைய வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதும் தவறான வழியே: அவை ஒன்றின்மேல் ஒன்று நழுவும், பைப் முன்னே தள்ளப்பட்டுப் பின்பக்கச் சைலன்சர் பிராக்கெட்டின் துளைகள் நேருக்கு நேர் வராமல் போகும்.

பேஸ்ட் தடவிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிவாஜிநகரில் ஒரு பட்டறையில், "நல்லாத்தான் இருக்குண்ணா, கொஞ்சம் சிவப்பு சிலிக்கான் வெச்சு மாட்டிடலாம்" என்று இளைஞர் ஒருவர் வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த வழி எங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதிவெப்பம் தாங்கும் என்று விற்கப்படும் சிலிக்கான் பசைகளும் பொதுவாக 300 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தோடு நின்றுவிடும். ஹெட்டை விட்டு வெளியே வரும் புகையின் வெப்பம் அதைத் தாண்டிச் செல்வது. பசை கரிந்து உதிரும். சென்சாருக்குத் தீங்கில்லாதது என்று குறிப்பிடப்படாத சிலிக்கான் பசையின் ஆவி, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கவும் கூடும். சைலன்சர் பேஸ்ட் என்று விற்கப்படும் சிமெண்ட் வகை வெப்பத்தைத் தாங்கும். ஆனால் இறுகிய பின் உடையும் தன்மை கொண்டது, ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் விரிசல் விடும். பின்பக்கக் கிளாம்ப் இணைப்புக்கு அது ஓரளவு உதவும். ஹெட் பக்கத்தில் கேஸ்கெட்டுக்கு மாற்றாக நிற்காது.

சூடேற்றித் திருத்தும் முறைக்கு மட்டும் உண்மையான மதிப்பு உண்டு, அதுவும் வளையம் கெட்டியான தனிச் செம்பாக இருந்தால். செம்பு அழுந்த அழுந்தக் கடினமாகும். மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால், அல்லது தண்ணீரில் போட்டால், மீண்டும் மிருதுவாகும். எஃகைப் போலத் தண்ணீரில் போட்டால் கடினமாகிவிடுமோ என்று இங்கே அஞ்ச வேண்டியதில்லை. செம்பின் உருகுநிலை 1085 டிகிரி என்பதால் சுடரை ஒரே இடத்தில் வைத்திருக்காமல் சுற்றிவர வேண்டும். மேலே படியும் கறுப்புப் படலத்தை நீக்கி, கண்ணாடி மேல் மணல்காகிதத்தை விரித்துத் தட்டையாகத் தேய்த்துவிட்டால் பள்ளமும் குறையும். பழைய வண்டிகளுக்குக் கேஸ்கெட் கிடைக்காதபோது இது கைகொடுக்கும் வழி. ஆனாலும் தேய்த்த அளவுக்குத் தடிமன் குறைகிறது என்பதால் ஃபிளாஞ்ச் முட்டும் சிக்கலை இது தீர்ப்பதில்லை. தகட்டுக்குள் பொருள் அடைத்த வளையத்துக்கு இந்த முறை அறவே பொருந்தாது. மிகப் பழைய வளையங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதால், அதன் தூசு மூச்சில் போகாதபடி, ஹெட்டில் ஒட்டிய மிச்சத்தை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுப்பது நல்லது.

புதியதிலும் இரண்டு வகை உண்டு: பைப்போடு பெட்டியில் வருவது, வண்டிக் கம்பெனியின் அசல். பைப் தயாரிப்பாளர் தன் விளிம்புக்கென்றே ஒரு கேஸ்கெட் கொடுத்திருந்தால் அதையே போடலாம். எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒரு மெல்லிய வளையத்தைப் போட்டு அனுப்பியிருந்தால், அசலை வாங்கி இரண்டையும் ஹெட்டின் பள்ளத்தில் வைத்து, எது தளர்வின்றி உட்கார்ந்து விளிம்புக்கு முழு ஆதரவு தருகிறது என்று பார்க்க வேண்டும். 150, 200 சிசி வண்டிகளுக்கு அசலின் விலை பொதுவாக நூறு இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

கசிவால் என்ன கெடும் என்பது வண்டியைப் பொறுத்தது. கார்புரேட்டர் வண்டியில் குளிர்ந்த ஸ்டார்ட்டில் டிக் டிக் சத்தமும், ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட் என்ற வெடிப்பும் வரும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 மாசு விதிகளின்படி வரும் வண்டிகளில் விஷயம் ஆழமானது. புகை துடிப்புகளாக வெளியேறும்போது இடையிடையே அழுத்தம் குறைந்து, கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் போதாத எரிப்பாக எடுத்துக்கொள்ள, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைலேஜ் குறைகிறது. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால், புதிய பைப்பைக் குறை சொல்லும் முன் இந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை நீக்கும் பைப்புகளும், வரம்பு மீறிச் சத்தம் போடும் பைப்புகளும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு உரியவை. கேஸ்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் குற்றம் குறையாது.

பின்பக்கத்து கிராஃபைட் புஷ்ஷைப் பொறுத்தவரை, கழற்றும்போதே அது பெரும்பாலும் பொடிந்துவிடும் என்பதால் பழையதா புதியதா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஸ்லிப்-ஆன் வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடலாம். மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, பைப் தன் இடத்தில் தானாக உட்கார்ந்த பிறகு, ஹெட் பக்கத்து இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக, சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்க வேண்டும். பின்பக்கக் கிளாம்பும் பிராக்கெட்டும் அதன் பிறகுதான். புதிய வளையம் முதல் முறை சூடாகி ஆறும்போது இன்னும் சற்று அமர்ந்துகொள்ளும் என்பதால், என்ஜின் முழுதாகக் குளிர்ந்த பின் அந்த இரு நட்டுகளையும் அதே அளவுக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.