காலபோகத்து எலிக்காய்ச்சல் குளிசை: ஒரு சேவை மதிப்பீடு

ஏ9 வீதிக்குக் கிழக்கே, குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பி நெல் விதைக்கும் வன்னிக் கிராமங்களில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்று காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், இலவசமாக வழங்கிய எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசைச் சேவை பற்றியது இந்த மதிப்பீடு. கடையையும் உணவகத்தையும் மதிப்பிட்டு எழுதுகிற நாம், உயிரோடு தொடர்புடைய இத்தகைய பொதுச் சேவையை அதைவிடக் கவனமாக மதிப்பிட்டு எழுத வேண்டும் என்பது என் எண்ணம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிசை நல்லது, அதை வயற்காரரின் கைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு ஓரளவு நல்லது, ஆனால் அந்தக் குளிசையைப் பற்றி ஊரில் எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல, தொடக்கத்தில் எவரும் இருக்கவில்லை. பதில் சொல்ல ஒருவர் வந்து அமர்ந்த பிறகே அந்தக் குளிசை வயிற்றுக்குள் போனது. அதுவரை பல வீடுகளில் அது சுவாமிப் படத்தட்டின் மேல் உறையோடு கிடந்தது.

2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயலோடு வந்த மழை வடக்கின் வயல்களையும் வளவுகளையும் மூழ்கடித்தது. டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சில நாட்களுக்குள் ஏழு பேர் உயிரிழந்ததாகச் செய்தி வந்தது. பரிசோதனை முடிவுகள் வந்து, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாவதற்கு இடையிலிருந்த அந்தச் சில நாட்களில், ‘மர்மக் காய்ச்சல்’ என்ற பெயர் செய்தித் தலைப்புகளிலிருந்து வன்னியின் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் இறங்கிவிட்டது. நோயின் உண்மைப் பெயர் தெரியவந்த பின்னரும் அந்த முதற்பெயர் ஊரை விட்டுப் போகவில்லை. எலிக்காய்ச்சல் இந்த நாட்டுக்குப் புதிய நோயும் அன்று. 2008ஆம் ஆண்டில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவாகினர். 200 பேரளவில் இறந்தனர். இவ்வளவு பழகிய நோயை மர்மம் என்று அழைத்ததால் விளைந்த கேட்டினை எங்கள் ஊர் நன்றாகவே அனுபவித்தது.

வழங்கப்பட்ட மருந்து டொக்சிசைக்ளின். சேற்றிலும் வெள்ள நீரிலும் இறங்கி வேலை செய்வோர், ஆபத்து நீடிக்கும் காலம் முழுவதும், வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், அதாவது நூறு மில்லிகிராம் குளிசைகள் இரண்டு, எடுக்க வேண்டும். எலி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரோடு வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா நீரிலும் ஈரமண்ணிலும் உயிரோடிருந்து, காலிலுள்ள வெடிப்பு, கீறல், கண், வாய் வழியாக உடலுக்குள் புகுகிறது. அதைத் தடுப்பதில் இந்தக் குளிசையின் பலன் பற்றி 1984இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பனாமாவில் காட்டுப் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படையினர் 940 பேரில், மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கும், டொக்சிசைக்ளின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் மட்டுமே நோய் வந்தது. அதன் பின்னர் அந்தமான் தீவுகளில் நடந்த ஆய்வில், குளிசை தொற்றைப் பெரிதாகத் தடுக்காவிட்டாலும் நோயாக வெளிப்படுவதைக் குறைத்தது என்றே தெரியவந்தது. ஆகவே இது முழுக் கவசம் அன்று. காற்புண்ணை மூடிக்கொள்வதும், வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவுவதும், தேங்கிய நீரில் முகம் கழுவாதிருப்பதும் குளிசை எடுப்பவர்களுக்கும் வேண்டியவைதான். றப்பர் சப்பாத்து அணியுமாறும் சொல்லப்பட்டது. முழங்கால் வரை புதையும் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு வரம்பு கட்ட முடியாது என்பதை வயலில் இறங்கியவர்கள் அறிவர்.

இனி வதந்திகளுக்கு வருகிறேன். இது கொரோனாவின் புதிய வடிவம், அரசாங்கம் அதை மறைக்கிறது என்பது முதலாவது. வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரின் போட்டதால்தான் காய்ச்சல் வந்தது என்பது இரண்டாவது. அந்தப் பற்றீரியாவைக் கொல்லும் பொருளையே நோய்க்குக் காரணமாக்கிய இந்தக் கதையை நம்பி, குளோரின் போட வந்தவர்களைப் படலையடியிலேயே திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. காய்ச்சலில் இறந்தவரின் வீட்டுக்குப் போனால் தொற்றிவிடும் என்பது மூன்றாவது. எலிக்காய்ச்சல் பொதுவாக மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஆயினும் பக்கத்து ஊரில் ஒரு செத்தவீட்டுக்குப் பறையும் வரவில்லை, பந்தல் போடவும் ஆள் வரவில்லை. உண்மையில் அவர் இறந்தது எந்தக் காய்ச்சலால் என்பதுகூட அப்போது எவருக்கும் தெரியாது. ஒரு குடும்பம் தன் துக்கத்தைத் தனியே சுமக்க நேர்ந்ததை, வாட்ஸ்அப்பில் வந்த இந்தக் கதைகளின் குரற்பதிவுகளை யோசியாமல் பகிர்ந்தவர்கள் ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். நான்காவது கதைதான் குளிசையை நேராகத் தாக்கியது: இது பெண்களுக்குப் பிள்ளை இல்லாமற் செய்யும் மருந்து என்பது.

இந்தக் கதைகளைக் கேட்டு, சனங்களின் அறியாமை என்று தலையசைத்துவிட்டுப் போவது நியாயமாகாது. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களான வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றில், பெண்களுக்கு உரிய விளக்கமும் சம்மதமும் இன்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை இங்குள்ள தாய்மார் மறக்கவில்லை. 2020இல் கொரோனாவால் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்ற, அறிவியல் ஆதாரமற்ற வாதத்தைச் சொல்லிக் கட்டாயத் தகனத்தை நடைமுறைப்படுத்தியது அரசாங்கமே. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அது மாற்றப்படவில்லை. அதே காலத்தில் தனிமைப்படுத்தல் நிலையங்கள் பல படைமுகாம்களுக்குள் அமைக்கப்பட்டன. 2009இல், போரால் இடம்பெயர்ந்தோரை அடைத்துவைத்த மனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்து வந்தவர்களுக்கு, காய்ச்சல் என்று சொன்னால் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்ற அச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. வதந்தி பொய், அதற்குக் காது கொடுக்க வைத்த அனுபவம் பொய்யன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத எந்தச் சுகாதார சேவையும் வன்னியில் வேரூன்றாது என்பதே என் உறுதியான கருத்து.

முதல் விநியோகத்தில் இந்தப் புரிதல் இருக்கவில்லை. கமக்காரர் அமைப்பின் கட்டடத்தில் பெயர்ப்பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள், சிறு கடதாசி உறை ஒன்றைத் தந்தார்கள், கையொப்பம் வாங்கினார்கள். உறையில் மருந்தின் பெயர் இல்லை. எப்போது, எப்படி எடுப்பது என்பதும் இல்லை. சாப்பாட்டுக்குப் பின்னர், ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும் என்பது இந்த மருந்துக்கு மிக முக்கியமானது. இல்லையேல் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதைச் சொல்லாததால், இரவு வெறுவயிற்றில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்த சிலருக்கு நெஞ்செரிவும் வாந்தியும் வந்தன. மறுநாள் காலைக்குள் அது, குளிசை குடித்தவர்களெல்லாம் விழுந்துவிட்டார்கள் என்ற குரற்பதிவாக ஊரைச் சுற்றியது. ஒரு வரி விளக்கத்தை மிச்சம் பிடித்ததால் அந்தக் கிழமை முழுவதும் வீணானது. ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டியும் வந்து போனது. “மக்கள் வீணாக அச்சமடையத் தேவையில்லை” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. எதைப் பற்றி அச்சப்படத் தேவையில்லை, எதைப் பற்றி அச்சப்படத்தான் வேண்டும் என்று சொல்லாத அறிவித்தல் எவருடைய பயத்தையும் தணிக்கவில்லை.

அடுத்த விநியோகத்தின்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் குடும்பநல உத்தியோகத்தரும் சேர்ந்து வந்தார்கள். பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, வாங்கிலில் அமர்ந்து, முதலில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். சிறிது நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு வயதான அம்மா ஒருவர் எழுந்து, “தம்பி, குறை நினையாதேங்கோ. இது பிள்ளை இல்லாமல் பண்ணுற குளிசை எண்டு சொல்லுகினம். என்ரை மருமகளுக்குக் குடுக்கலாமோ?” என்று கேட்டார். பரிசோதகர் சிரிக்கவில்லை. “அம்மா, நீங்கள் கேட்டது நல்லது. இது பிள்ளை உண்டாகிறதைத் தடுக்கிற மருந்தில்லை. ஆனால் உங்கடை மருமகள் இப்ப பிள்ளைத்தாச்சியா இருந்தாலோ, பால் குடுத்துக்கொண்டு இருந்தாலோ, நாங்களே குடுக்க மாட்டம், அது வயித்துப் பிள்ளையின்ரை எலும்பையும் பல்லையும் பாதிக்கலாம்” என்று விளக்கினார். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அந்தக் குளிசை மறுக்கப்பட்டதே வதந்திக்கு வித்தாக இருந்தது என்பது அப்போதுதான் சபைக்குப் புரிந்தது. காரணம் சொல்லாமல் சிலருக்குக் கொடுத்துச் சிலருக்கு மறுத்தால், ஊர் தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும்.

கேள்விகள் அதன் பிறகு அடுக்கடுக்காக வந்தன. இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுக்கக் கூடாது, இடைவெளி விட வேண்டும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் பெண்களுக்குத் தனியாகச் சொன்னார். வெயில் சுடும் நாட்களில் தோல் வழமையை விடக் கூடுதலாகக் கன்றிப்போகலாம் என்றும் எச்சரித்தார்கள். பட்டியில் மாடு வைத்திருக்கும் ஒருவர், கன்றுகளுக்கும் ஏதும் மருந்து உண்டா என்று கேட்டபோது, “எனக்கு அது சரியாத் தெரியாது ஐயா, கேட்டு வந்து சொல்லுறன்” என்றார் பரிசோதகர். அடுத்த முறை கால்நடை வைத்தியரிடம் கேட்ட பதிலோடு வந்தார். அந்த மனிதரைச் சனங்கள் நம்பத் தொடங்கியது அந்த இடத்திலிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். எதையும் அறிந்தவர்போலப் பேசும் குரற்பதிவுகளுக்கு நடுவே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்த ஒருவர் அவர்.

எங்கள் முதியவர்கள் இதை மலேரியாக் காலத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். வன்னிக் காட்டோரக் கிராமங்களில் குளிர் காய்ச்சல் வராத வீடே இல்லாதிருந்த காலம் அது. வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்கவும், விரலில் குத்தி இரத்தம் எடுக்கவும் வந்தவர்களை ஊர் முகம் பார்த்து அறிந்திருந்தது. போரின் நடுவிலும் அந்த வேலை முற்றாக நிற்கவில்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவாகி, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மலேரியாக் குளிசையான குளோரோகுயினின் கசப்பைச் சொல்லிச் சொல்லி முகம் சுளித்த அதே முதியவர்கள், அதைக் கொடுத்தவர்களை ஒருபோதும் சந்தேகித்ததில்லை என்றும் சொன்னார்கள்.

இந்தச் சேவையில் இன்னும் திருந்த வேண்டியவை உண்டு. முதலாவது, காலம். காலபோக உழவும் விதைப்பும் மழையோடு ஐப்பசியிலேயே தொடங்கிவிடுகின்றன. குளிசை மார்கழியில், மரணச் செய்திகளுக்குப் பிறகு வந்தது. நோய் வந்த பிறகு அவசரமாகக் கொண்டுவரப்படும் எதையும் பயந்த மனம் ஐயத்தோடுதான் வாங்கும். புரட்டாதியில், உர மானியத்துக்குப் பெயர் பதியும் கூட்டங்களிலேயே இதைப் பேசத் தொடங்கினால், வதந்திக்கு முன்னர் உண்மை ஊருக்குள் வந்திருக்கும். இரண்டாவது, பட்டியல். கமக்காரர் அமைப்பில் அங்கத்துவம் உள்ளவர் காணிக்காரர். சேற்றில் நாள் முழுக்க நிற்பவர் பெரும்பாலும் கூலிக்கு வருபவர். களை பிடுங்கும் பெண்கள், உழவு இயந்திரச் சாரதிகள், குளத்து மீன்பிடிகாரர், மாடு மேய்ப்பவர் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டவர்களுக்கு மறுக்காமல் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் கேட்கத் தயங்குபவர்களே அவர்களில் அதிகம். மூன்றாவது, உறை. மருந்தின் பெயர், எடுக்கும் கிழமை, எடுக்கும் முறை, எடுக்கக் கூடாதவர்கள், சந்தேகம் இருந்தால் அழைக்க வேண்டிய இலக்கம் ஆகிய ஐந்து விடயங்களை அதில் அச்சிடப் பெரிய செலவு ஆகப்போவதில்லை.

இத்தனை குறைகளைச் சொன்ன பின்னரும், உங்கள் பிரிவில் இந்தக் குளிசை வழங்கப்பட்டால் தயங்காமல் போய் வாங்குங்கள் என்றே சொல்வேன். மருந்துக்கடையில் நீங்களாக வாங்காமல், பணிமனையில் கேட்டு வாங்குவது நல்லது. உங்களுக்கு வேறு நோயோ மருந்தோ இருந்தால் அங்கே சொல்லலாம். குளிசை எடுத்திருந்தாலும் கவனம் தேவை. வயலில் இறங்கியவருக்கு திடீர்க் காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் தசைநோவு, கண் சிவப்பு ஆகியவை கண்டால் பனடோலோடு வீட்டில் நாட்களைக் கடத்தக் கூடாது. சிறுநீர் குறைவதும், கண் மஞ்சளாவதும், மூச்சு முட்டுவதும் நோய் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் எட்டிவிட்டதன் அறிகுறிகள். பெனிசிலின் போன்ற சாதாரண மருந்துகளே ஆரம்பத்தில் கொடுத்தால் இந்நோயைக் குணமாக்கும். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், எந்த நாளில் வயலிலோ வெள்ளத்திலோ இறங்கினீர்கள் என்பதையும், தடுப்புக் குளிசை எடுத்தீர்களா என்பதையும் வைத்தியர் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.